பச்சைப் பொட்டு வெச்ச டம்ளர்

காதுல மாட்டியிருக்கறதைச் சித்தெ கழட்டறீங்ளா தம்பி? ஒண்ணுமில்லீங், ஒரு சந்தேகம். நீங்க திருச்சி வரைக்கும் போறீங்ளா? நான் நாமக்கல். அப்பச் சரி, நெறைய நேரம் இருக்குது. ஐயையோ, மறுக்கா மாட்டாதீங்க. கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க பீரு குடிப்பீங்ளா?

அட, வெக்கத்தைப் பாருங்க! சன்னலைப் பாக்கறீங்க. நான் என்ன உங்க மாமனாரா? பெங்களூர்ல வேலை, கழுத்துல கம்பெனி அட்டையை இன்னம் கழட்டலை, மீசை இப்பத்தான் எட்டிப் பாக்குது. சரி, நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிடறன். ஐ.பி.ஏ.ன்னு ஒரு பீரு இருக்குதுங்க. பி.ஏ.ன்னா படிப்பு, முன்னால ஒரு ஐ போட்டா பீரு. எட்டாவதோட நின்னவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கேள்விப்பட்டிருக்கீங்ளா?

தலையாட்டறீங்க. "ஒருக்காக் குடிச்சன், கசந்துச்சு, உட்டுட்டன்." அதான? நானும் அதே கட்சிதானுங்க! அந்தக் கட்சியில சிவனேன்னு கெடந்த என்னைய ஒரு புள்ளை இழுத்துட்டுப் போயி, ஓட்டுப் போட வெச்சு, நட்டாத்துல உட்டுருச்சு. அந்த வவுத்தெரிச்சலை யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு பாத்தன். நீங்க ஆப்புட்டீங்க.

எம்பேரு சென்னியப்பனுங்க. முட்டை யாவாரம். நாமக்கல்ல இருந்து வாரம் ஒருக்கா பெங்களூருக்கு லோடு போவும். வண்டி ஓட்டறதுக்கு ஆளு இருக்குது. அவன் கண்ணசராமப் பாத்துக்க, பக்கத்துல உக்காந்து பேசிட்டே வாறது எம்பட வேலை. அவன் சொல்லுவான், "அண்ணா, ஒரு வாட்டி நீங்க தூங்குங்கண்ணா, நான் நிம்மதியா ஓட்டறன்"ம்பான். குசும்பு புடிச்சவன்.

எனக்கொரு அக்கா, மயிலாத்தாள்னு. அக்காளுக்கு ஒரே பொண்ணு, தாரணி. நான் தாய்மாமனுங்க. காது குத்துனது எம்பட மடியில. பெரியவளானப்பச் சீரு தூக்குனது நானு. அந்தப் புள்ளை என்னமோ படிச்சுதுங்க. நொதிக்க வெக்கற படிப்பாம். தயிரு, இட்டிலி மாவு, இந்த மாதிரி போலிருக்குதுன்னு நாங்களும் உட்டுட்டோம். படிச்சு முடிச்சதும் பெங்களூர்ல வேலைன்னு கெளம்பிருச்சு. என்ன கம்பெனி கண்ணுன்னு கேட்டா, "குடிக்கறது தயாரிக்கற கம்பெனி மாமா"ன்னுது. அக்கா அதை ஊரு பூரா ஜூஸ் கம்பெனின்னு சொல்லி வெச்சுட்டா.

போன கார்த்திகையில ஒரு நாளு, லோடை எறக்கிப்புட்டு, புள்ளைக்கு ஒரு அட்டை முட்டையைக் கையில எடுத்துட்டு, கம்பெனியைத் தேடிப் போனனுங்க. அடேங்கப்பா, கண்ணாடிக் கட்டடம். உள்ள எவர்சில்வர்ல டாங்கி டாங்கியா நிக்குது. எங்க அம்முணி, தாரணிதான், முட்டி வரைக்கும் ரப்பர் பூட்சு போட்டுட்டு, தலையில வலையைக் கட்டிட்டு, ஏணி மேல நின்னுட்டிருக்குது.

"என்ன கண்ணு காச்சற?"ன்னன்.

"பீரு மாமா"ன்னா.

கையில இருந்த முட்டை உடையலீங்க. யாவாரி நானு. நெஞ்சு உடைஞ்சாலும் முட்டை உடையாது.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாமா"ன்னு கெஞ்சுச்சு. "சேச்சே, மாமன் வாயத் தெறப்பனா?"ன்னன். ரகசியம்னா எனக்கு அப்படி. அன்னிக்குப் பொழுதோட அக்காளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டன். அக்காகிட்ட மட்டுந்தானுங்க. அப்புறம் எங்க டிரைவரு. அப்புறம் பண்ணையில ரெண்டு பேரு. எம்பட பொண்டாட்டி சாந்தாமணிக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதைச் சொல்லியிருந்தா இன்னிக்கு இந்தப் பஸ்ல நான் இருந்திருக்க மாட்டன், ஆஸ்பத்திரியில இருந்திருப்பன்.

அந்தக் கம்பெனி ஓனரு ஒரு கொடகுக்காரரு. பெள்ளியப்பான்னு பேரு. நெஞ்சு வரைக்கும் தாடி, கையகலத்துக்கு ஒரு சிரிப்பு. தமிழு பேசுவாரு, ஆனா ஒவ்வொரு வார்த்தையையும் எங்கியோ இருந்து தூக்கிட்டு வந்து எறக்கி வெக்கற மாதிரி பேசுவாரு. "மாமா... வாங்கோ... குந்துங்கோ... மொதல்ல... மூக்கு. அப்றம்... வாயி." அவரு மூக்குன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் குடிச்சே முடிச்சுப்புட்டனுங்க.

எனக்குப் பழக்கம் அப்படி. நம்மூருக் கடை பீரை எப்படிக் குடிப்போம்? மூக்கைப் புடிச்சுட்டு ஒரே மூச்சு. அதுல ருசி பாக்கறதுக்கு என்ன கெடக்குது? அதே மாதிரி இதையும் அடிச்சுப்புட்டன். தம்பி, நிலவேம்புக் கசாயம் குடிச்சிருக்கீங்ளா? காய்ச்சலுக்குக் குடுப்பாங்களே? அதுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சு, ஒரு கொழந்தையும் பொறந்து, அந்தக் கொழந்தை வாயில வந்து உக்காந்தா எப்படி இருக்கும்? அது ஐ.பி.ஏ.

ஆனா நான் காட்டிக்கலீங்க. எம்பட மூஞ்சி இருக்குதே, கல்லு. யாவாரத்துல பழகுன மூஞ்சி. உள்ளுக்குள்ள ஊடே இடிஞ்சு உழுந்தாலும் வெளிய ஒரு சுருக்கம் தெரியாது. "பிரமாதங் கண்ணு"ன்னன். பின்ன? தாய்மாமன் போன எடத்துல, புள்ளை கையால குடுத்ததை, நல்லா இல்லைன்னு சொல்லலாமுங்ளா? மிச்சம் வெக்கலாமுங்ளா? அது நம்ம பழக்கமா? சொட்டு இல்லாமக் காலி பண்ணித் தொடைச்சு வெச்சன். பெள்ளியப்பா என்ன நெனைச்சாரு? மாமாவுக்கு ரொம்பப் புடிச்சிருச்சுன்னு நெனைச்சு, மறுக்கா ரொப்பிட்டாரு! நான் மறுக்காக் காலி பண்ணன். அவரு மறுக்கா ரொப்புனாரு. மரியாதைக்காரங்க ரெண்டு பேரு ஒரு எடத்துல சேந்தா எத்தனை ஆபத்து பாருங்க.

அப்படி ஆரம்பிச்சதுங்க. வாரா வாரம் லோடை எறக்கிட்டுப் போவன். அம்முணி ஒரு சின்ன டம்ளர்ல ஊத்திக் குடுக்கும். ஆரு காச்சுனதுன்னும் கேக்காம, மூக்கைப் புடிச்சுட்டு ரெண்டே வாயில முடிச்சுருவன். "இந்த வாரம் எப்படி மாமா?" "பிரமாதம்." "போன வாரத்துக்கு?" "அதும் பிரமாதம்." அது நான் சொல்றதைக் காதுலயே வாங்காதுங்க. எம்பட மூஞ்சியவே பாத்துட்டு நிக்கும். மொதல் வாய்க்கு ஒரு பார்வை, ரெண்டாவது வாய்க்கு ஒரு பார்வை. பாசம் போலிருக்குது, மாமனைப் பாக்காம ஏங்கிப் போச்சுன்னு நெனைச்சு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

ஒரு வாட்டி, "வாங்க மாமா, கடைக்குப் போலாம்"னா. எதுக்குன்னன். "எங்க கட்டடத்துக்குள்ள கெடைக்கறதை வெச்சுப் பேசி என்ன பிரயோசனம்? பயந்து பயந்து குடிக்கறவன் இங்க வர மாட்டான் மாமா. வாசல்ல நிக்கற ஆளைப் பாத்தே திரும்பிருவான். அவன் மூலைக்கடைக்குத்தான் போவான். அங்க அவன் கைக்கு எது எட்டுதுன்னு பாக்கோணும்"னா. அது ஆட்டோவுல உக்காந்துக்கிச்சு. கேக்கறது மட்டும் நானு.

மொத கடை. கம்பிக்குப் பின்னால ஒரு ஆளு, கண்ணைக்கூடத் தொறக்கலை.

"ஐ.பி.ஏ. இருக்குதுங்ளா?"

"ஏனு?" கன்னடத்துல கேக்கறான், என்னன்னு.

"ஐ.பி.ஏ.ங்க."

"ஸ்ட்ராங்கா, லைட்டா?"

"கசக்குமே, அது."

அவன் ஒரு கண்ணைத் தொறந்தான். "எல்லாமே கசக்குது சார். எது வேணும்?"

அவஞ் சொல்றதும் வாஸ்தவந்தான?

ரெண்டாவது கடையில இருக்குதுன்னுட்டான். இருக்குதுன்னுட்டு உள்ள போனவன் வரவே இல்லை. பொறவு பெட்டிக்குப் பின்னால, அதுக்கும் பின்னால கையை உட்டு, ஒரு டின்னை எடுத்து, போட்டிருந்த பனியன்லயே தொடைச்சுக் குடுத்தான். ஆட்டோவுக்குக் கொண்டாந்து காட்டுனன். அம்முணி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "வேண்டாம் மாமா, போன வருசத்துது. இது பூவு வாசத்துல நிக்கற பீரு. ஹாப்ஸ்னு ஒரு பூவு போடறோம். நாளாச்சுன்னா வாசம் போயிரும், வெறுங் கசப்பு மட்டும் உக்காந்திருக்கும். மொத வாட்டி குடிக்கறவன் இதைக் குடிச்சான்னா ஜென்மத்துக்கும் திரும்பிப் பாக்க மாட்டான்"னுது.

"முட்டை மாதிரின்னு சொல்லு"ன்னன்.

"ஆமா மாமா, முட்டையேதான்."

மூணாவது கடை கொஞ்சம் வெளிச்சமான கடைங்க. கண்ணாடிப் பெட்டியில முன்னாலயே நாலஞ்சு தினுசு அடுக்கியிருந்துச்சு. யாரு வேண்ணாலும் கையை நீட்டி எடுத்துக்கலாம். எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வாங்கிட்டு அம்முணி தங்கியிருக்கற ஊட்டுக்குப் போனோம். சூடா மொளகா பஜ்ஜி வாங்கி வெச்சுட்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய். "மூக்கைப் புடிக்காதீங்க மாமா! மூக்குலதான் பாதிப் பீரு இருக்குது"ன்னு எங் கையில ஒரு அடி. நான் எடுத்து வளத்த புள்ளை என்னைய அடிக்குது.

ஆனா அன்னிக்குத்தானுங்க எனக்குப் புடிபட்டுது. எல்லா ஐ.பி.ஏ.வும் ஒண்ணில்லை. சிலது மொத வாயிலயே அறையுது. சிலது கலங்கலா, மோரு மாதிரி இருக்குது, ஆரஞ்சுத் தோலை உரிச்ச மாதிரி வாசம், உள்ள போனப்பறம் லேசாக் கசக்குது. ஒண்ணு தண்ணியாட்ட லேசு, போதையும் கம்மி. அது பஜ்ஜிக்கு ஆவுது. நம்மள மாதிரி ஆளுங்க நேரா அறையறதுகிட்டப் போயி அறை வாங்கிட்டு, "ஐ.பி.ஏ.ன்னாலே இப்படித்தான்"னு ஓடியாந்தர்றோம். நீங்களும் அங்கதான் போயிருப்பீங்க. பாருங்க, மறுக்காத் தலையாட்டறீங்க.

அம்முணி சொல்லுச்சு: "கசப்பு வேண்டாம்னு இல்லை மாமா. மொதல்ல வாசம் வரோணும். அப்புறம் ருசி. கசப்பு கடைசியா, வந்ததே தெரியாம வந்து, ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போயிரோணும். அப்படி ஒண்ணு பண்ணி எல்லாக் கடையிலயும் நிக்க வெக்கோணும்."

"எம்பட மச்சான் அதுக்கு நேரெதிருடி"ன்னன். "மொத ஆளா வருவான், நட்டநடுவுல உக்காருவான், போவே மாட்டான்."

சிரிச்சுச்சு. அந்த மச்சானாலதான் வம்பே வந்துச்சு.

மச்சான்னா சாந்தாமணிக்கு அண்ணன். பெரிய கோழிப்பண்ணை. எம்பட லோடுல பாதி முட்டை அவன் பண்ணை முட்டைதானுங்க. அவனுக்கு ஒரு பையன், கோகுலு. நல்ல பையன்தான். கோழி மாதிரி. சொன்ன நேரத்துக்குத் தீனி தின்னும், சொன்ன நேரத்துக்குத் தூங்கும். அவனுக்குத் தாரணியைக் கட்டி வெக்கோணும்னு சாந்தாமணி முடிவு கட்டிட்டா. அக்காகிட்டப் போயிக் கேட்டா. அக்கா, "அதுக்கென்ன, புள்ளை வரட்டும், வந்தாப் பேசலாம்"னுட்டா. ஆருக்கும் ஆவாதுன்னு சொல்லாத வாயி எங்க அக்காளுக்கு.

சாந்தாமணி எங்கிட்டத் திரும்புனா. எப்படித் திரும்புனாங்கறீங்க? இடுப்புல ஒரு கை, கரண்டியில ஒரு கை. "ஏனுங்க. போயிக் கூட்டிட்டு வாங்க. முட்டை வண்டியில வேண்டாம், புள்ளை மேல நாத்தமடிக்கும். பஸ்ல போங்க. பெட்டி படுக்கையோட கூட்டிட்டு வந்து எறக்குங்க. நீங்க மட்டும் வந்து நின்னீங்க... எங்கண்ணன் பண்ணையில இருந்து ஒத்த முட்டை வெளிய வராது. எங் கையால ஒரு வாய்ச் சோறும் வராது. சொல்லிட்டன்."

சொன்னாச் செய்யறவ தம்பி. அதுதான் அவகிட்டக் கஷ்டம்.

முந்தா நேத்து வந்து எறங்குனனுங்க. அம்முணிகிட்ட நேராச் சொல்லிட்டன். நான் வளைச்சுப் பேசறவனே கெடையாது. அது பூட்சைக் கழட்டிட்டு எம் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. "மாமா, சரியான சமயத்துக்கு வந்தீங்க. எங்க கம்பெனியில இருந்து ஒரே ஒரு ஐ.பி.ஏ.வை டின்னுல அடைச்சு மூலைக்கடைக்கெல்லாம் அனுப்பப் போறாங்க. மூணு பேரு மூணு பண்ணியிருக்கறோம். பெள்ளியப்பா சாரு ஒண்ணு, வெளிநாடு போயிக் கத்துட்டு வந்த ஒருத்தரு ஒண்ணு, நானு ஒண்ணு. பீருக்குப் பயப்படற ஆளுங்களாக் கூப்புட்டு, எது ஆருதுன்னு சொல்லாமக் குடுத்து, ஓட்டெடுக்கப் போறோம். என்னுது தோத்துச்சுன்னா நான் பெட்டியைக் கட்டிட்டு உங்க கூடவே வந்து அந்தக் கோகுலைப் பாக்கறன். செயிச்சா இங்கதான் இருப்பன். அத்தைகிட்ட நீங்கதான் சொல்லோணும்"னா.

"ஆவட்டும் கண்ணு"ன்னன். மனசுக்குள்ள ஒரே குளுகுளுன்னு ஆயிருச்சுங்க. ஏன்னா, அம்முணி கைப்பக்குவம் எனக்குத் தெரியும்! ஒரு தீவாளிக்கு எங்கூட்டுல மைசூர்பாகு கிண்டுச்சு. அதை வெச்சு எலிப் பொந்தை அடைச்சோம், இன்னிக்கு வரைக்கும் எலி அந்தப் பக்கம் வரலை. காப்பி போட்டா அடிப்புடிச்ச வாசத்தோடதான் வரும். ரசம் வெச்சுதுன்னா பாத்திரம் வெளக்குன தண்ணியான்னு கேட்டுட்டுத்தான் குடிக்கோணும். இந்தக் கை செயிக்குமா?

அப்பப் பெள்ளியப்பா வந்து தோளைத் தட்டறாரு. "மாமா... நீங்க... ஓட்டு போடணும்."

"நானுங்ளா? நான் சொந்தக்காரனுங்களே?"

"எது ஆருது... உங்களுக்குத் தெரியாதே? நீங்க... பயந்து குடிக்கிறீங்கோ. எனக்கு... அந்த மாதிரி ஆளுதான்... வேணும்."

பயந்து குடிக்கறனாம். கல்லு மூஞ்சியைப் பாத்துட்டு அந்த மனுசனுக்கு எப்படி அப்படித் தோணுச்சோ.

நேத்து மத்தியானம் ஓட்டெடுப்பு. என்ன பண்ணன் தெரியுமுங்ளா? காத்தால மார்க்கெட்டுக்குப் போயி ஒரு தாம்பாளம், தேங்கா, வாழைப்பழம், மஞ்சக் கெழங்கு, ரெண்டு மொழம் மல்லி, எல்லாம் வாங்கிட்டன். புள்ளையைத் தோக்கடிக்கத்தான் போறன். அதுக்காவ, தாய்மாமன் வெறுங்கையோட போயி நிக்கலாமுங்ளா? நம்ம மரியாதை ஒண்ணு இருக்குதில்ல. டாங்கிக்குப் பூவைச் சாத்தி, தேங்காயை ஒடைச்சு, சூடத்தைக் கொளுத்திச் சுத்துனன் பாருங்க, நாலு பேரு ஓடியாந்து எங் கையைப் புடிச்சுட்டாங்க. அங்க நெருப்புக் காட்டப்படாதாம்! மேல ஒரு மணி அடிக்குது, ஒரு பொண்ணு அலறுது. அம்முணி தலையில கையை வெச்சுட்டு உக்காந்துருச்சு. பெள்ளியப்பா மட்டும் ஓடியாந்து சூடத்தை அமுத்திப்புட்டு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. மனுசன்.

அப்புறம் எங்களைய வரிசையா உக்கார வெச்சாங்க. ஒரு ஆட்டோக்காரரு, ரிட்டேரான பேங்க்காரரு ஒருத்தரு, உங்களை மாதிரி கழுத்துல அட்டை போட்ட பசங்க புள்ளைங்க கொஞ்சப் பேரு. எல்லாரும் வெளக்கெண்ணெய் குடிக்க வந்த மாதிரியே உக்காந்திருக்கறாங்க. ஆளுக்கு மூணு டம்ளர். பேரு எழுதலை. டம்ளர்ல பொட்டு மட்டும் ஒட்டியிருக்குது. செவப்பு, நீலம், பச்சை.

செவப்பைக் குடிச்சனுங்க. அறைஞ்சுச்சு. காது வரைக்கும் கசப்பு. அடிப்புடிச்ச காப்பி வாசம் வேற. எனக்குச் சிரிப்பு தாங்கலை. அம்முணி, உன்னைய எங்க வெச்சாலும் மாமன் கண்டுபுடிச்சுருவன்டி கண்ணுன்னு நெனைச்சன்.

நீலம். பூக்கடைக்குள்ள தடுக்கி உழுந்த மாதிரி. வாயெல்லாம் சோப்பு. இது வெளிநாடு போனவரு.

பச்சை. தம்பி... பச்சையைக் குடிச்சனுங்க. டம்ளர் கிட்ட மூக்கு போறப்பவே கமலாப்பழம் உரிக்கற வாசம். வாயில வெச்சா லேசா, வழுக்கிட்டுப் போவுது. போயிருச்சேன்னு நெனைக்கறப்ப, வறுத்த சுண்டக்கா வத்தல் கொழம்புல கடைசியா வருமே ஒரு கசப்பு, நல்ல கசப்பு, அது வந்து ஒரு ஓரமா உக்காந்து, "இன்னொரு வாய்"ங்குது. வேண்டாம்னு சொல்ல மனசே வல்லை. ஆகா, இது பெள்ளியப்பாவோடது, ஓனருன்னா ஓனருதான்னு முடிவு பண்ணிட்டன்.

இருந்தாலும் அவசரப்படக்கூடாது பாருங்க. ஒரு புள்ளையோட வாழ்க்கை. "சரியாத் தெரியலீங்க, பச்சையில இன்னொருக்கா"ன்னன். குடுத்தாங்க. "இப்பத்தான் பக்கமா வருது, இன்னொருக்கா"ன்னன். அதுக்குள்ள மத்தவிய எல்லாம் ஓட்டைப் போட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க. எண்ணிப் பாத்தா செவப்பும் பச்சையும் சரிக்குச் சரி! எல்லாரும் என்னைய வந்து சூழ்ந்துட்டாங்க. நான் டம்ளரும் கையுமா நடுவுல.

அம்முணி எட்ட நின்னு பாத்துட்டிருந்துச்சு. நகத்தைக் கடிச்சுட்டு. பரிச்சைக்குப் போறப்ப அப்படித்தான் கடிக்கும். ஒரு நிமிசம் எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க. பாவம், செவப்புல போட்டுரலாமான்னுகூட ஒரு ரோசனை வந்துச்சு. அப்புறம் சாந்தாமணி கண்ணு முன்னால வந்தா, கரண்டியோட. மனசைக் கல்லாக்கிட்டுப் பச்சையில போட்டுட்டன்.

பெள்ளியப்பா மேசை மேல ஏறாத கொறையா நின்னுட்டு, "பச்சை... யாருது? பச்சை... நம்ம... தாரணி!"ங்கறாரு.

தம்பி, எனக்கு யாரோ தலையில குடத்தோட தண்ணி வாத்த மாதிரி இருந்துச்சு. செவப்பு அவரோடது! ஓனரோடது! இத்தனை பெரிய தாடியை வெச்சுட்டு அந்த மனுசன் அத்தனை கசப்பாக் காச்சியிருக்கறாரு! எங்க அம்முணி ஓடியாந்து எங் கையைப் புடிச்சுட்டு அழுவுது. "மாமா, அத்தைக்குப் பயப்படாம எனக்குப் போட்டீங்ளா மாமா?"

என்ன சொல்றது? "பின்ன!"ன்னன்.

"எப்படி மாமா என்னுதுன்னு கண்டுபுடிச்சீங்க?"

"தாய்மாமனுக்குத் தெரியாதா?"ன்னன். எல்லாரும் கை தட்டறாங்க. ஆட்டோக்காரரு என்னையக் கட்டிப் புடிச்சுட்டாரு. நானும் கை தட்டிட்டு நிக்கறன், வவுறு எரியுது.

அப்புறமேட்டுக்கு அது ஒண்ணு சொல்லுச்சு பாருங்க. "இது உங்களை வெச்சுப் பண்ணுனதுதான் மாமா. உங்க வாயி எப்பவும் பிரமாதம்னுதான் சொல்லும். இடது புருவந்தான் நெசத்தைச் சொல்லும். கசப்பு தூக்கலா இருந்தா அது துள்ளும். வாரா வாரம் அதைப் பாத்துப் பாத்துத்தான் பூவைக் கொறைச்சு, மாத்தி, முன்ன பின்னப் போட்டன். எந்த வாரம் உங்க புருவம் அசையலையோ, அந்த வாரத்துப் பக்குவந்தான் பச்சை"ங்குது.

நான் நம்பலீங்க. எம்பட மூஞ்சி கல்லு. நீங்களே பாருங்க, எங்கியாச்சும் துள்ளுதா? ஏன் சிரிக்கறீங்க?

நியாயத்தைச் சொல்லுங்க. இது ஏமாத்து வேலையா இல்லையா? பொறந்ததுல இருந்து பாத்துட்டிருக்கறன். சுடுதண்ணி வெச்சா அடிப்புடிக்கற புள்ளை. இப்படி ஒரு கையி வந்திருக்குதுன்னா மாமன்கிட்ட ஒரு வார்த்தை முன்னக்கூட்டியே சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தா நான் உசாராச் செவப்புல போட்டிருப்பன். அத்தனை கசப்பையும் முழுங்கிட்டுப் போட்டிருப்பனுங்க! அடுத்த மாசம் பெங்களூர்ல எல்லா மூலைக்கடையிலயும் வந்துருமாம். உங்க தெருக்கடையிலயும் வரும். போயிக் கேளுங்க. தேதியைப் பாத்து வாங்குங்க. முன்னால வெச்சிருக்கறானா, பின்னால தள்ளி வெச்சிருக்கறானான்னும் பாத்துச் சொல்லுங்க. பின்னால வெச்சிருந்தான்னா எனக்கு ஒரு போன் போடுங்க, நான் வந்து பேசிக்கறன். எனக்கென்ன அக்கறைங்கறீங்ளா? ஒரு அக்கறையும் இல்லை. சும்மா சொன்னன்.

இருங்க, அக்கா கூப்புடறா. இதுக்குத்தான் காத்தால இருந்து பயந்துட்டிருந்தன்.

அலோ... ஆங்க்கா... வந்துட்டிருக்கறன், சேலம் தாண்டியாச்சு... இல்லைக்கா... நான் மட்டுந்தான்... வரலைக்கா... அதில்லைக்கா, ஓட்டெடுப்பு வெச்சாங்க... ஆமா, நாந்தான் போட்டன்... அவளுக்குத்தான் போட்டன்... தெரிஞ்சு போடலைக்கா... நல்லாருந்துச்சு, போட்டுட்டன்... நெசமாத்தான்... நெசமாவே நல்லாருந்துச்சுக்கா, அவதான் பண்ணுனா... அக்கா? என்னக்கா, அழுவறயா சிரிக்கறயா? ... சரி. சரி, வெய்யி.

சிரிக்கறாளுங்க! நான் திட்டுவான்னு பாத்தன். "நீ போனா இப்படித்தான் ஆவும்னு தெரிஞ்சுதாண்டா தடுக்கலை"ங்கறா. பாத்தீங்ளா, கூடப் பொறந்தவளுக்கு எம் மேல எத்தனை நம்பிக்கை! "நான் சாந்தாமணிகிட்ட முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னனா? நீதான போன, நீதான போட்ட?"ன்னும் கேட்டா. ஆமா, நாந்தான் போனன், நாந்தான் போட்டன். இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு வெளங்கலை. உங்களுக்கு வெளங்குதா? மறுக்காச் சிரிக்கறீங்க. நீங்களும் எங்க அக்காளாட்டமே இருக்கறீங்க.

சரி, இனி மிச்சம் சாந்தாமணி.

தம்பி, ஒண்ணு கேக்கறன், முடியாதுன்னு சொல்லப்படாது. திருச்சிக்கு இன்னிக்கே போயாவோணுமா? எம்பட ஊடு நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல இருந்து கூப்புடு தூரந்தான். சாந்தாமணிகிட்ட ஒரு நல்ல கொணம் இருக்குதுங்க. ஒரம்பரை வந்திருந்தா சத்தம் போட மாட்டா. விருந்தாளி முன்னால புருசனைத் திட்டுனதா சரித்திரமே கெடையாது. வாயி நெறைய, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க"ம்பா. நீங்க எங்க அம்முணியோட ஜூஸ் கம்பெனி மேனேஜரு. வேற ஒண்ணும் பேச வேண்டாம். "தாரணி இல்லாட்டி எங்க கம்பெனியே ஓடாதுங்க"ன்னு ஒரு வார்த்தை, அத்தோட சரி. அது பொய்யுங்கூட இல்லையே?

நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வெப்பா. ருசிக்கு நான் பொறுப்பு. நீங்க மெதுவாச் சாப்புடுங்க. அவசரமே வேண்டாம், எலும்பை எல்லாம் நல்லாக் கடிச்சு உறிஞ்சுங்க. கொழம்பு ஊத்தட்டுமான்னு கேப்பா, ஊத்துங்கன்னு சொல்லுங்க. ரசம் வேணுமாம்பா, வேணும்னு சொல்லுங்க. மோரும்பா, அதுக்கும் வேணும்னு சொல்லுங்க. நீங்க எலையில உக்காந்திருக்கற வரைக்குந்தானுங்க எனக்கு அந்த ஊட்டுல மரியாதை.

பையை எடுங்க தம்பி. இந்தப் பாலத்தைத் தாண்டுனா எறங்கோணும்.